பாடும் மீனும் பழந்தமிழ் யாழும்: விபுலானந்த அடிகள் வரலாறு

கோயில் இடிந்தாலும் கல் எஞ்சும். நூல் அழிந்தாலும் எங்கோ ஒரு வீட்டுப் பரணில் ஓரிரு ஏடு எஞ்சக்கூடும். ஓர் இசைக்கருவி வழக்கொழிந்து, அதனை மீட்டும் கையும் மறைந்துவிட்டால், எஞ்சுவது அதன் பெயர் ஒன்றே. நம் யாழுக்கு நேர்ந்தது அதுதான்.

சமணப் பெரியோர் அருளிய காப்பியங்களில் யாழ் ஒலிக்காத இடம் குறைவு. காந்தருவதத்தையைச் சீவகன் யாழால் வென்றான். மதங்கொண்ட நளகிரி என்னும் களிற்றை உதயணன் தன் கோடபதி யாழால் அடக்கினான். புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் மாறிமாறி யாழ் மீட்டிப் பாடிய பாட்டே அவ்விருவரையும் பிரித்தது. இவற்றைப் பல நூற்றாண்டுகளாகப் படித்து வந்திருக்கிறோம். ஆயினும், யாழ் என்றால் என்ன என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால், அது பழைய இசைக்கருவி என்று கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிடுவதே தமிழாசிரியர் பலரின் வழக்கமாக இருந்தது.

அவ்வாறு கடந்து செல்ல மனம் ஒப்பாத ஒருவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 14 ஆண்டுகளை அக்கருவிக்காகச் செலவிட்டார். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர்; இராமகிருஷ்ண மடத்துத் துறவி. எனினும், நம் முன்னோர் நூல்களைத் தம் வாழ்நாட் பணிக்கு அடிநிலமாகக் கொண்டவர். அவரே விபுலானந்த அடிகள். அவர் வரலாற்றை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் தகும்.

மீன் பாடும் நாட்டில் பிறந்தவர்

இலங்கையின் கீழ்க்கடற்கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்னும் ஊர் உள்ளது. அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், சாமித்தம்பி, கண்ணம்மை ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார் அடிகள். அவருடைய பிள்ளைப் பெயர் மயில்வாகனன். அதே 1892ஆம் ஆண்டில்தான் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் சிலப்பதிகாரத்தைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். அந்நூலின் இசைப்பகுதிக்குப் பொருள் காணப் போகிறவர் அந்த ஆண்டிலேயே கடலுக்கு அப்பால் பிறந்தார்.

அவர் பிறந்த நிலம் இரண்டு வகையில் தனிச்சிறப்புடையது. முதலாவது, கண்ணகி வழிபாடு. தமிழகத்தில் நூலில் வாழும் கண்ணகி, மட்டக்களப்புப் பகுதியில் கோயிலில் வாழ்கிறாள். காரைதீவிலேயே கண்ணகை அம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களில் கோயிற் கதவு திறந்து, கண்ணகி வழக்குரைப் பாடல்களை நாள்தோறும் பாடி, நிறைவில் அவள் சினம் ஆறும்படி குளிர்த்திப் பாடுவது அந்நாட்டு மரபு. இளங்கோவடிகளின் காப்பியத்தை ஒருநாளும் கண்ணுற்றிராத உழவரும் வலைஞரும் அங்கே கோவலன் கதையைப் பாட்டாக அறிவர். எழுத்தறியும் முன்பே சிலம்பின் கதையைச் செவியால் அறியும் குழந்தைகள் வளரும் ஊர் அது.

இரண்டாவது, பாடும் மீன். மட்டக்களப்பு வாவியில், கல்லடிக்கு அருகே, நிலவு நிறைந்த இரவுகளில் தோணியில் சென்று, காற்றும் அலையும் அடங்கிய வேளையில் செவி கொடுத்தால், நீருக்கடியிலிருந்து மெல்லிய இசையொலி எழும் என்பது அவ்வூர் மக்களின் பட்டறிவு. துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பர். மட்டக்களப்புக்கு மீன் பாடும் தேன்நாடு என்னும் பெயர் இதனால் வந்தது. ஆங்கில அரசின் உயர் அலுவலராக இருந்த எமர்சன் டெனண்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இவ்வொலியைத் தாமே கேட்டதாக எழுதியுள்ளார். நரம்பின் அதிர்வை ஒத்த சிற்றொலிகள் பல, ஒன்றோடொன்று கலவாமல் நீரிலிருந்து எழுந்தன என்பதும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது என்பதும் அவர் குறிப்பு. ஊரி என்னும் நத்தையே இவ்வாறு ஒலிக்கிறது என்று அங்குள்ள மீனவர் அவரிடம் கூறினர். மீனா, ஊரியா, வேறொன்றா என்னும் வினா இன்றும் பேசப்படுகிறது.

கதையில் வாழும் தெய்வமும், காரணம் விளங்காத ஓசையும் சூழ்ந்த நாட்டில் மயில்வாகனன் வளர்ந்தார்.

கணக்கும் தமிழும்

தொடக்கக் கல்வியைக் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் பெற்ற அவர், கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1908இல், தம் 16ஆம் அகவையில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியரானார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அவ்வாண்டு அறிவியலில் பட்டயம் பெற்றார். அவ்வாண்டே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் வெற்றி பெற்றார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராக இருந்துகொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் அவரை நாடி வந்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தமிழ்ப் பண்டிதர் அந்நாளில் பலர் இருந்தனர். அறிவியல் பட்டதாரிகளும் இருந்தனர். இரண்டும் ஒருவரிடத்தே ஒரே ஆழத்தில் கூடியது அரிது. அடியார்க்குநல்லார் உரையைத் தடையின்றிப் படிக்கவும், அதிரும் நரம்பின் நீளத்தைப் பின்னத்தில் எழுதிப் பார்க்கவும் வல்ல ஒருவரே யாழின் பூட்டைத் திறக்க முடியும். காலம் அத்தகைய ஒருவரைத் தன்னை அறியாமலே ஆயத்தம் செய்து வைத்திருந்தது.

துறவும் தொண்டும்

உயர்ந்த பதவியும் புகழும் கைக்கு எட்டிய வேளையில், 1922இல் அவர் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பயிற்சி பெற்று, இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் ஆசிரியப் பணியை ஏற்றார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று, சுவாமி விபுலானந்தர் ஆனார்.

துறவு அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. 1926இல் வெளிவந்த அவருடைய மதங்க சூளாமணி, ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்பவைத்து ஆராய்ந்த நூல். அதற்காக அவர் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் நுணுகிக் கற்றார். நாடகத்தைத் தேடிச் சென்ற இடத்திலேயே யாழின் இலக்கணமும் அவர் கண்ணிற் பட்டது.

இலங்கைக்கு மீண்டு கல்விப் பணியில் ஈடுபட்ட அடிகள், 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. பகலில் பல்கலைக்கழக வகுப்பு, மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்தின் எளிய மக்கள் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் என்று அவர் நாள் கழிந்தது. பாரதியாரின் பாடல்களை அறிஞர் அவையில் மதிப்புறச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். இசை வல்லுநர் நிறைந்த சிதம்பரம் சூழலில்தான் யாழ் ஆராய்ச்சி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

ஓசை இழந்த காப்பியங்கள்

அவர் முன் நின்ற இடர் எத்தகையது? சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைநூல்கள் பல மறைந்துவிட்டன. பெருநாரை, பெருங்குருகு போன்றவற்றின் பெயரை மட்டும் சொல்லி, அவை இறந்தன என்று அவரே வருந்திச் செல்கிறார். போதாக்குறைக்கு, யாழிசை நிரம்பிய கானல்வரிக்கு அவர் வரைந்த உரை நமக்குக் கிடைக்கவில்லை. விளக்கு எங்கே மிகவும் வேண்டுமோ அங்கேயே இருள்.

கருவியின் பெயரிலும் குழப்பம். யாழும் வீணையும் ஒன்றே என்று பலர் கருதினர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் பழந்தமிழ் இசை ஆராய்ச்சிக்குப் பெருவழி திறந்தது. அவர் ஒரு தானத்துக்கு 24 சுருதிகள் எனக் கொண்டார். அதுபற்றி வாதங்கள் எழுந்தன. யாழின் வடிவமோ எவருக்கும் தெளிவாகவில்லை.

மற்றொரு தடை, நம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. காப்பியங்களில் யாழ் வரும் இடமெல்லாம் வியப்பு நிறைந்த இடங்கள். வித்தியாதர மன்னன் மகள் இராசமாபுரத்துக்கு வந்து யாழ்ப்போர் நிகழ்த்துகிறாள். சீவகன் பாடியபோது வானத்துப் பறவைகளும் மெய்ம்மறந்து சோர்ந்தன என்கிறார் திருத்தக்கதேவர். உதயணனின் யாழ் முனிவர் ஒருவர் அளித்தது. கைவிட்டுப் போய் மீண்டும் அவனை வந்தடைந்தது. மாதவியின் குலமோ, அகத்தியர் சாபத்தால் மண்ணில் பிறந்த ஊர்வசியின் வழி என்கிறது சிலம்பு. இவற்றைப் படிக்கும் அறிவியல் மாணவர் சிரித்து ஒதுக்கிவிடலாம். பற்றுடையார் கைகூப்பி வணங்கிவிடலாம். இருவருமே அக்கதைகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

அடிகள் பார்த்தார்.

கதைக்குள் இருந்த கணக்கு

ஊர்வசியின் சாபத்தைச் சொல்லும் அதே அரங்கேற்று காதையில், சில அடிகள் தள்ளி, யாழாசிரியன் அறிந்திருக்க வேண்டியவற்றை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகிறார். அப்பகுதி 25 அடிகளே. தம் பெருநூல் முழுவதும் அந்த 25 அடிகளின் விரிவே என்பது அடிகளின் கருத்து. குணவாயிற் கோட்டத்தில் அரசு துறந்திருந்த சமணத் துறவியாக மரபு போற்றும் ஒருவர் எழுதிவைத்த 25 அடிகளுக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வேறொரு நெறியின் துறவி விரிவுரை கண்டார்.

யாழ் வேறு, வீணை வேறு என்று அவர் தெளிந்தார். வீணையில் ஒரே நரம்பை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு உண்டு. நரம்பின் நீளமே சுரத்தை வரையறுக்கும். வளைந்த கோட்டில் நீண்டும் குறுகியும் நரம்புகள் வரிசையாகக் கட்டப்பட்ட கருவி அது. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்கிறான். காட்டில் ஆடுமாடு மேய்ப்பவனின் அந்த வில்லிலிருந்தே 21 நரம்புப் பேரியாழும், 19 நரம்பு மகரயாழும், 14 நரம்புச் சகோடயாழும், 7 நரம்புச் செங்கோட்டியாழும் வளர்ந்த வரலாற்றை அடிகள் வகுத்தார்.

சிந்தாமணியில் சீவகன் தன்முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளும் இடம் நம்மில் பலர் அறிந்ததே. ஒன்றன் மரம் நீரில் நின்று மென்மையுற்றது. ஒன்று வாளால் வெட்டுண்டது. ஒன்று இடி விழுந்த மரம். நரம்பின் முறுக்கினுள் மயிர் இருப்பதையும் அவன் எடுத்துக் காட்டுகிறான். இதனைத் தலைவனின் அறிவைப் புகழும் கற்பனை என்று கடந்துவிடலாம். மரத்தின் ஈரமும் வெடிப்பும் ஒலியை எவ்வாறு கெடுக்கும் என்பதை அறிந்த தச்சரும் இசைவல்லாரும் வாழ்ந்த காலத்தில்தான் இப்பாட்டுப் பிறந்திருக்க முடியும். வியப்புக் கதைக்குள் தொழிலறிவு பொதிந்திருக்கிறது.

ஆய்ச்சியர் குரவையும் இத்தகையதே. கண்ணகி தங்கிய ஆயர்சேரியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. அச்சம் நீங்க ஆயர் மகளிர் எழுவர் குரவைக் கூத்து ஆடுகின்றனர். மாதரி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே இட்டு வட்டமாக நிறுத்துகிறாள். ஊர்ப்பெண்களின் கூத்தாகத் தோன்றும் இவ்வட்டம் ஓர் இசைக் கணக்கு என்பதை உரை காட்டுகிறது. வானத்துப் பன்னிரண்டு இராசிகளை வட்டமாக எழுதி, குரலைத் துலாத்திலும் துத்தத்தைத் தனுசிலும் கைக்கிளையைக் கும்பத்திலும் உழையை மீனத்திலும் இளியை இடபத்திலும் விளரியைக் கடகத்திலும் தாரத்தைச் சிங்கத்திலும் நிறுத்தினால், அவற்றின் இடைவெளிகள் பன்னிரண்டு சுரத்தானங்களில் ஏழிசை நிற்கும் முறையாக அமைகின்றன. தொடங்கும் சுரத்தை மாற்றிக்கொண்டே சென்றால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்னும் ஏழு பாலைகளும் பிறக்கின்றன.

அடிகள் இதனோடு நில்லாமல் அறிவியலை அழைத்தார். நரம்பைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். உரையாசிரியர் காட்டும் அலகுகள் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, கூட்டினால் 22. இந்த 22 அலகையும் அதிர்வு விகிதங்களாகக் கணித்து, யாழின் நரம்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது வரை அவர் சென்றார். பாட்டாகவும் கதையாகவும் கூத்தாகவும் இருந்தது, செய்து பார்க்கத் தக்க கருவியாக மாறியது.

நீரர மகளிர்

இவ்வளவு கணக்கு எழுதியவர் வியப்பை மறந்துவிட்டாரா? இல்லை. தம் ஊர் வாவியில் எழும் மீனிசை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. அதனை வைத்து நீரர மகளிர் இன்னிசைப் பாடல் என்னும் செய்யுளை அவர் இயற்றினார். நீரில் வாழும் தெய்வ மகளிர் நிலவொளியில் இசை எழுப்புவதாக அமைந்தது அப்பாடல். வலைஞர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஊர்க்கதை, பண்டிதரின் செய்யுளில் ஏழிசையின் புனைவாயிற்று.

மீனொலிக்கு அறிவியற் காரணம் எதுவாயினும் ஆகுக. அதனைக் கேட்ட மாந்தர் நெஞ்சில் எழுந்த வியப்பும் ஓர் உண்மையே என்று அவர் கொண்டார் போலும். ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நோக்கி முடிவுகட்டுதல் கூடாது என்பது நம் அநேகாந்தக் கொள்கை. அக்கொள்கையைப் பெயர் சொல்லி ஏற்காதவரும் தம் பணியில் அதனைக் கடைப்பிடித்தல் உண்டு என்பதற்கு அடிகள் ஒரு சான்று. வலைஞரின் காது, புலவரின் சொல், ஆசிரியரின் கணக்கு ஆகிய மூன்றையும் அவர் ஒன்றை ஒன்று கொல்லாமல் காத்தார்.

அரங்கேற்றமும் மறைவும்

ஆராய்ச்சி நடந்த ஆண்டுகளில் அவர் ஓரிடத்தில் அமர்ந்திருந்தவர் அல்லர். 1939 முதல் இமயச் சாரலில் உள்ள மாயாவதியில் பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். புதுக்கோட்டை இராம நிலையத்தில் தங்கி நூலை வளர்த்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பு சென்றார். இடையில் உடல்நலம் குன்றியது, எழுத்து நிற்கவில்லை.

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களில் யாழ்நூல் நிறைவுற்றது. தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர் அஞ்சி நின்றபோது, ஞானசம்பந்தர் பாடிய பாட்டே ஓடத்தைச் செலுத்தியது என்று சைவர் போற்றும் ஊர் அது. வாவியில் தோணி விட்டு மீனிசை கேட்ட நாட்டிலிருந்து வந்தவரின் இசைநூல், பாட்டால் ஓடம் சென்ற ஊரில் அரங்கேறியது. அடிகளின் கணக்கின்படி செய்யப்பட்ட கருவிகள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டன. அவை அவையோர் முன் மீட்டப்பட்டன. நூற்றாண்டுகளாகச் சொல்லாக மட்டும் இருந்த ஒன்று செவிக்கு ஒலியாகக் கேட்டது.

அதன்பின் ஒன்றரைத் திங்கள்கூட அவர் உயிர்வாழவில்லை. 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் காலமானார். வயது 55. அவர் உடல், அவரே நிறுவிய கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயத்தின் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பாடும் மீன் வாழும் வாவி அவ்விடத்துக்கு அண்மையிலேயே உள்ளது.

அவர் கொண்ட முடிவுகள் எல்லாவற்றையும் பின்வந்த அறிஞர் அப்படியே ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. அலகுகளின் அளவிலும், பண்களுக்கு இக்கால இராகம் காண்பதிலும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும், அவருடன் மாறுபடுவோரும் அவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே மாறுபடுகின்றனர்.

நமக்கு உரியது

இவ்வரலாற்றில் நம் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சாமிநாதையர் சிந்தாமணிக்குப் பொருள் விளங்காமல் மயங்கியபோது, கும்பகோணத்துச் சமண அன்பர்கள் அவருக்குத் துணைநின்றனர். ஏட்டில் இருந்ததை வீட்டில் ஓதி, பொருள் கேட்டு, பாராயண நூலாகப் போற்றிய குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களிடம் கேட்டறிந்தே 1887இல் அவர் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், புட்பசேன முனிவரின் மாணவராகிய இருகப்பர் 1387–88இல் எடுப்பித்த சங்கீத மண்டபம் இன்றும் நிற்கிறது. அறத்தையும் துறவையும் போற்றிய நம் முன்னோர் இசையை வெறுத்தவர் அல்லர் என்பதற்கு ஏடும் கல்லும் ஒருங்கே சான்று கூறுகின்றன.

ஆனால் இன்று நம் இல்லங்களில் சிந்தாமணி எத்தனை பேர் கையில் திறக்கப்படுகிறது? பிள்ளைகள் பாட்டு வகுப்புக்குச் செல்கின்றனர். வீணையும் கீபோர்டும் பயில்கின்றனர். அவர்கள் பயிலும் ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம் என்று தமிழ்ப் பெயர்கள் இருந்தன என்பதையும், நம் ஆசிரியர்கள் இயற்றிய காப்பியங்களில் அவை வாழ்கின்றன என்பதையும் யார் அவர்களுக்குச் சொல்கின்றனர்? கதையில் பறவை மயங்கியது என்றவுடன் பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். அதன்பின் சீவகன் ஏன் அந்த மரத்தைத் தள்ளினான் என்று கேட்போம். விடை தேடத் தொடங்கினால், அப்பிள்ளை அடிகள் நடந்த வழியில் முதல் அடி வைத்ததாகும்.

காரைதீவின் வைகாசிப் பாட்டும், வாவியின் மீனொலியும் ஒரு சிறுவனைச் சூழ்ந்திருந்தன. அவர் வளர்ந்து, இளங்கோவடிகளின் 25 அடிகளைக் கண்டபோது, அவற்றுள் ஓசை இருப்பதை உணர்ந்தார். நம் வீடுகளில் அத்தகைய அடிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவ்விழா நாளில் மாலை வழிபாடு முடிந்தபின், காந்தருவதத்தையார் இலம்பகத்திலிருந்து பத்துப் பாடல்களையேனும் பெரியோர் உரக்கப் படிக்க, பிள்ளைகள் கேட்டிருத்தல் நன்று. ஏழிசையின் தமிழ்ப் பெயர்களை அன்றே அவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.